பிள்ளையைக் கால்பந்தில் சேர்க்கிறீர்களா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேர்வு எதுவும் வைக்காமல், விருப்பப்படும் பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் பொழுதுபோக்குக் கால்பந்து அணிகளைப் பற்றிய பக்கம் இது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பயிற்சி, வார இறுதியில் ஒரு மேட்ச், கோச் பெரும்பாலும் அணியில் இருக்கும் ஏதோ ஒரு பிள்ளையின் அப்பா அல்லது அம்மா. கால்பந்தே ஆடிப் பழகாத பெற்றோருக்கும் புரியும்படி எழுதியிருக்கிறேன். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதும் நான் மனதில் வைத்திருப்பது ஒன்றைத்தான்: சீசன் முடியும்போது பிள்ளை தானாகவே வந்து "அடுத்த சீசனும் ஆடறேன்" என்று சொல்ல வேண்டும். கோல், கோப்பை எல்லாம் அதற்கு அப்புறம்.

எத்தனை வயதில் சேர்க்கலாம்?

பல கிளப்புகள் 4 அல்லது 5 வயதிலேயே சேர்த்துக்கொள்கின்றன. அந்த வயதில் அங்கே நடப்பது பந்தை வைத்துக்கொண்டு ஓடியாடும் விளையாட்டுதான். ஓடுவது, சட்டென்று நிற்பது, திரும்புவது, விழுந்தால் எழுந்து மறுபடி ஓடுவது, தன் முறை வரும்வரை பொறுத்திருப்பது. பாடம் இவ்வளவுதான். நடுவில் ஒருவன் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்பான், ஒருத்தி வானத்தில் போகும் விமானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதைப் பார்த்து மனம் நோக வேண்டாம். அந்த வயதின் கவனம் அவ்வளவுதான்.

வயதைவிட வேறு சில விஷயங்களைப் பாருங்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் முக்கால் மணி நேரம் இருக்க முடிகிறதா? பழக்கமில்லாத ஒரு பெரியவர் சொல்வதைக் கேட்டுச் செய்கிறதா? யாராவது தெரியாமல் இடித்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் சமாதானமாகிறதா? இவற்றுக்கெல்லாம் ஓரளவு "ஆமாம்" என்றால் போதும்.

8, 10 வயதில் சேர்ந்தால் ரொம்பத் தாமதமோ என்று கவலைப்படுபவர்கள் நிறைய. தாமதமே இல்லை. முதல் சில வாரம் மற்றவர்களைவிடப் பின்தங்கியது போலத் தெரியும். ஆனால் பெரிய பிள்ளை சொன்னதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். நாலு வயதில் ஒரு வருடம் எடுத்துப் பழகியதை எட்டு வயதில் ஒன்றிரண்டு மாதத்தில் பழகிவிடலாம்.

சேர்க்கும் முன்பு கிளப்பிடம் என்ன கேட்க வேண்டும்?

முதல் கேள்வி: ஒவ்வொரு பிள்ளைக்கும் எவ்வளவு நேரம் ஆடக் கிடைக்கும்? நல்ல பொழுதுபோக்கு அமைப்புகள் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கும். அமெரிக்காவில் 1964-இல் தொடங்கிய ஏஒய்எஸ்ஓ என்ற சிறுவர் கால்பந்து அமைப்பின் முதல் கொள்கையே "எல்லாரும் ஆடுவார்கள்" என்பதுதான். ஒவ்வொரு பிள்ளையும் மேட்சில் குறைந்தது பாதி நேரம் களத்தில் இருக்க வேண்டும். உங்கள் கிளப்பில் இப்படி ஒரு வழக்கம் இல்லையென்றால், "ஜெயிக்கிற மாதிரி இருந்தால் இறக்குவோம்" என்ற பதில் வந்தால், வேறு இடம் பாருங்கள்.

இரண்டாவது, இன்னும் முக்கியமானது, பாதுகாப்பு. கோச்சுகளின் பின்னணியைச் சரிபார்க்கிறார்களா? பயிற்சியின்போது குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருப்பார்களா? முதலுதவி தெரிந்தவர் உண்டா? கோச் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கும்படி அமையக் கூடாது. பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் அனுப்பவும் கூடாது, செய்தி எல்லாம் பெற்றோர் வழியாகத்தான் போக வேண்டும். கேட்டால் சங்கடப்படுவார்களோ என்று தயங்காதீர்கள். ஒழுங்காக நடக்கும் கிளப் இந்தக் கேள்வியை எதிர்பார்த்தே இருக்கும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

ஷூ, ஷின் கார்டு (முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைக் காக்கும் தட்டு), நீளமான சாக்ஸ், தண்ணீர் பாட்டில், ஒரு பந்து. ஜெர்சியைப் பெரும்பாலும் கிளப்பே கொடுத்துவிடும்.

இதில் விட்டுவிடவே கூடாதது ஷின் கார்டு. கால்பந்தின் 17 விதிகளில் 4-ஆவது விதி ஆட்டக்காரரின் உடுப்பைப் பற்றியது. ஷின் கார்டு கட்டாயம், அது சாக்ஸுக்குள் முழுக்க மறைந்திருக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. முதலில் ஷின் கார்டு, அதற்கு மேல் சாக்ஸ். முதல் வாரம் பாதிப் பிள்ளைகள் சாக்ஸுக்கு மேலே கட்டிக்கொண்டு வருவார்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே தொடங்கிக் கணுக்காலுக்குச் சற்று மேலே முடிகிற நீளம் சரி. முழங்காலை மடக்கும்போது இடித்தால் பெரிய அளவு வாங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஷூ விஷயத்தில் "வளர்ற பிள்ளைதானே" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கும் ஆசை வரும். வேண்டாம். பெரிய ஷூவுக்குள் கால் வழுக்கும், கொப்புளம் வரும், ஓடும்போது தடுக்கும், பந்து பாதத்தில் எங்கே படுகிறது என்பதும் தெரியாது. கால்பந்து சாக்ஸைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். கட்டைவிரல் நுனிக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருந்தால் போதும். புல் தரையாக இருந்தால் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குமிழ் வைத்த பூட்ஸ், சிமென்ட் அல்லது உள்ளரங்கத் தரையாக இருந்தால் தட்டை அடிப்பாகம். உலோகக் குமிழ் சின்னப் பிள்ளைகளுக்குத் தேவையே இல்லை. விலை உயர்ந்த பூட்ஸால் ஆட்டம் மாறாது. இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குச் சிறிதாகிப்போன ஜோடி நல்ல நிலையில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: வீட்டிலேயே லேஸ் கட்டப் பழக்குங்கள். ஆட்ட நடுவில் குனிந்து லேஸோடு மல்லுக்கட்டும் பிள்ளையின் காலுக்கடியில் பந்து போய்விடுகிறது. நுனி நீளமாகத் தொங்கினால் இரட்டை முடிச்சு போட்டு உள்ளே செருகிவிடுங்கள்.

பந்து எந்த அளவில் இருக்க வேண்டும்?

8 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 3-ஆம் எண், 8 முதல் 12 வரை 4-ஆம் எண், 13-க்கு மேல் பெரியவர்கள் ஆடும் 5-ஆம் எண். 5-ஆம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். ஆறு வயதுப் பிள்ளைக்கு இதைக் கொடுத்தால் கால் வலிக்கும், பந்து நகராது, ஒவ்வொரு முறையும் நுனிக்காலால் குத்தியே பழகிவிடும். "இப்போதே பெரிய பந்தில் பழகட்டும்" என்பது உதவாத யோசனை. காற்றையும் கல் மாதிரி அடைக்க வேண்டாம்.

தோடு, செயின், கையில் கட்டிய கயிறு?

எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நகை எதுவும் கூடாது, அதன் மேல் டேப் ஒட்டி மறைத்தாலும் கூடாது என்பது அதே 4-ஆவது விதி. காது குத்துவதாக இருந்தால் சீசன் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். புதுத் துளை ஆறுவதற்குச் சில வாரம் ஆகும், அதுவரை தோட்டைக் கழற்ற முடியாது, ரெஃப்ரியும் ஆட விட மாட்டார். பார்வைக்காகக் கண்ணாடி போடும் பிள்ளை தாராளமாக ஆடலாம். உடையாத பிளாஸ்டிக் வில்லையும் பின்னால் பட்டையும் உள்ள விளையாட்டுக் கண்ணாடி நல்லது.

எல்லாரும் ஒரே பந்தின் பின்னால் ஓடுகிறார்கள். கோச் ஒன்றும் சொல்ல மாட்டாரா?

தேன்கூட்டைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோல இரு அணிப் பிள்ளைகளும் பந்தைச் சுற்றி மொய்ப்பார்கள். பார்க்கும் பெரியவருக்கு "பரவலா நில்லுங்கப்பா!" என்று கத்தத் தோன்றும். ஐந்தாறு வயதுப் பிள்ளைக்குப் பந்துதான் ஆட்டம். பந்து இருக்கும் இடத்தை விட்டு வெறும் இடத்தில் போய் நில் என்றால், "என்னை ஏன் ஆட விடமாட்டேங்கிறாங்க?" என்றுதான் அதற்குப் புரியும். இன்னொருவன் இப்போது எங்கே இருக்கிறான், அடுத்து எங்கே ஓடுவான் என்று யோசித்துப் பந்தைத் தள்ளிவிடும் பக்குவம் 7, 8 வயதுக்கு மேல் மெல்ல மெல்லத்தான் வருகிறது. அந்த மொய்ப்புக்குள் இருந்துகொண்டே பந்தை வெளியே எடுத்து வரக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குப் பின்னால் அது பெரிய பலமாகிறது.

களத்தில் ஆள் எண்ணிக்கையைக் குறைப்பதும் இதனால்தான். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் முறையில் 8 வயது வரை ஒரு பக்கம் 4 பேர், கோல்கீப்பர் கிடையாது. 9, 10 வயதில் 7 பேர், 11, 12-இல் 9 பேர், 13-இல்தான் 11 பேர். மற்ற நாடுகளிலும் எண்ணிக்கை கொஞ்சம் முன்பின் மாறுமே தவிர யோசனை ஒன்றுதான். ஆள் குறைந்தால் ஒவ்வொருவர் காலிலும் பந்து அதிக முறை படும். 11 பேர் ஆடும் பெரிய மைதானத்தில் ஆறு வயதுப் பிள்ளையை நிறுத்தினால் பாதி ஆட்டம் பந்தைத் தொடாமலேயே முடிந்துபோகும்.

எனக்கு விதிகளே தெரியாது. எதெல்லாம் தெரிந்தால் மேட்ச் பார்க்கலாம்?

பந்து முழுவதும் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே போனதாகக் கணக்கு, கோல் என்றாலும் அப்படித்தான். கோட்டின் மேல் கொஞ்சம் இருந்தாலும் ஆட்டம் தொடரும். பக்கக் கோட்டைத் தாண்டினால் த்ரோ-இன்: இரண்டு கையாலும், தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக எறிய வேண்டும், இரண்டு பாதமும் தரையில் பட்டிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் எறியும் வேகத்தில் பின்காலைத் தூக்கிவிடுவார்கள், பல ரெஃப்ரிகள் இன்னொரு வாய்ப்பு கொடுப்பார்கள். மிகச் சிறிய பிரிவுகளில் த்ரோ-இன்னுக்குப் பதிலாகக் காலால் உதைத்தே ஆட்டத்தைத் தொடங்குவதும் உண்டு. கோல் கோட்டைத் தாண்டினால், கடைசியாகத் தொட்டவர் தாக்கும் அணி என்றால் கோல் கிக் (காக்கும் அணி தன் கோலுக்கு முன்னாலிருந்து உதைக்கும்), காக்கும் அணி என்றால் கார்னர் (தாக்கும் அணி களத்தின் மூலையிலிருந்து உதைக்கும்).

ஆஃப்சைடு பெற்றோரை அதிகம் குழப்புகிறது. சுருக்கமாக: எதிரணியின் பாதிக் களத்தில், பந்தைவிடவும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரைவிடவும் கோலுக்கு அருகில் நின்றுகொண்டு, தன் அணிக்காரர் தள்ளும் பந்தை வாங்கி ஆடினால் ஆஃப்சைடு. பந்தை அனுப்பிய கணத்தில் எங்கே நின்றார் என்பதுதான் கணக்கு, வாங்கிய இடம் அல்ல. த்ரோ-இன், கோல் கிக், கார்னர் இவற்றிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. 8 வயதுக்கு உட்பட்ட பிரிவுகள் பலவற்றில் இந்த விதியே இருக்காது, அதனால் உடனே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கையில் பட்டாலே ஃபவுல் என்று நினைத்து ஓரத்திலிருந்து "ஹேண்டு! ஹேண்டு!" என்று கத்துபவர்கள் எல்லா மைதானத்திலும் உண்டு. உடம்போடு ஒட்டியிருந்த கையில் தெரியாமல் பட்டது பெரும்பாலும் ஃபவுல் ஆகாது.

மைதான ஓரத்தில் நின்று என்ன சொல்லலாம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஒரு மேட்சில் இதைக் கவனித்துப் பாருங்கள். பந்து ஒரு சிறுமியின் காலுக்கு வருகிறது. அவள் தலையைத் தூக்கி முன்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறாள். அந்த நொடியில் ஓரத்திலிருந்து "அடி! அடி! அடி!" என்று ஒரு குரல். அவள் கண் களத்தை விட்டு அப்பா நிற்கும் பக்கம் திரும்புகிறது. அரை நொடிதான். எதிரணிப் பையன் பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த முறை பந்து வரும்போது அவள் முதலிலேயே அப்பாவைப் பார்க்கிறாள். அதற்கடுத்த முறை பந்து வரும் இடத்திற்கே போவதில்லை.

தானே பார்த்து, தானே முடிவெடுப்பதுதான் கால்பந்து. அதை வெளியிலிருந்து நாம் செய்துவிட்டால் பிள்ளைக்குக் கற்க ஒன்றும் மிஞ்சாது. அது போதாதென்று கோச் ஒன்று சொல்வார், அப்பா இன்னொன்று சொல்வார், பக்கத்து அம்மா மூன்றாவதாக ஒன்று சொல்வார். யார் சொல்வதைக் கேட்கும்?

அதனால் கைதட்டுங்கள். "நல்ல முயற்சி!", "சூப்பரா ஓடின!", "பரவாயில்லை, எழுந்திரு!" இவை போதும். எதிரணிப் பிள்ளை நல்ல கோல் போட்டாலும் தட்டுங்கள். "அடி", "ஓடு", "பாஸ் பண்ணு", "பின்னால போ" இந்த நான்கையும் வாயிலிருந்தே எடுத்துவிடுங்கள். சில லீக்குகள் சீசனில் ஒரு நாளை மௌன நாளாகவே வைத்திருக்கின்றன. அன்று பெற்றோர் பேசக் கூடாது, கைதட்ட மட்டும் செய்யலாம். அன்றைக்குக் களத்தில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பேசிக்கொள்ளும் சத்தம் நன்றாகக் கேட்கும். மற்ற நாட்களில் நம் சத்தத்தில் அது அமுங்கிப்போகிறது.

ரெஃப்ரியைப் பற்றியும் ஒன்று. சிறுவர் மேட்ச்களில் விசில் ஊதுபவர் பல நேரம் 14, 15 வயதுப் பிள்ளையாகவே இருப்பார். அவரும் பழகிக்கொண்டுதான் இருக்கிறார். பெரியவர்கள் திட்டுவதால் ஒன்றிரண்டு சீசனோடு விட்டுவிட்டுப் போகும் இளம் ரெஃப்ரிகள் பல பேர். தீர்ப்பு தவறாகவே இருந்தாலும் ஆறு வயதுப் பிள்ளைகளின் மேட்சில் அதனால் குடி முழுகிவிடாது. மேட்ச் முடிந்ததும் அவரிடம் போய் ஒரு நன்றி சொல்லுங்கள், பிள்ளையும் உங்களோடு வரட்டும்.

மேட்ச் முடிந்து வீடு திரும்பும்போது என்ன பேசலாம்?

பிள்ளை பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் விட்டுவிடுங்கள். வண்டியில் ஏறியதும் "அந்தப் பந்தை ஏன் விட்ட?" என்று தொடங்கினால் வீடு வரும்வரை அதற்குத் தப்பிக்க இடமில்லை. களைப்பு, பசி, சில சமயம் வெட்கம், எல்லாம் சேர்ந்திருக்கும் நேரம் அது. தான் என்ன தவறு செய்தோம் என்பது அதற்கே தெரியும். நம் வாயால் இன்னொரு முறை கேட்க வேண்டியதில்லை. அன்பாகச் சொன்னாலும், நடுநடுவே பாராட்டைச் சேர்த்துச் சொன்னாலும், குறையைத்தான் பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

"நீ ஆடுறதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது" என்ற ஒரு வரி போதும். அப்புறம் என்ன சாப்பிடலாம் என்று கேளுங்கள். "ஜெயிச்சியா?", "எத்தனை கோல் போட்ட?" என்பதை மேட்சுக்கு வர முடியாத தாத்தா பாட்டியும் கேட்பார்கள். அவர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "இன்னிக்கு எது ஜாலியா இருந்துச்சு?" என்று கேட்கட்டும்.

தோற்றால் அழுது தீர்க்கிறான். என்ன செய்வது?

அழட்டும். தோல்வி வலிக்கிறது என்றால் ஆட்டம் அவனுக்கு முக்கியம் என்று அர்த்தம். "இதுக்கெல்லாம் அழலாமா" என்று அடக்காதீர்கள், "ரெஃப்ரி சரியில்லை" என்று சாக்கும் தேடித் தராதீர்கள். பக்கத்தில் இருங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அரை மணி நேரத்தில் போய்விடும், நமக்குத்தான் ராத்திரி வரை மனதில் ஓடிக்கொண்டிருக்கும்.

அழுகை ஒவ்வொரு வாரமும் தொடர்ந்தால் வீட்டில் வெற்றி தோல்விப் பேச்சு எவ்வளவு நடக்கிறது என்று பாருங்கள். நார்வேயில் சிறுவர் விளையாட்டுக்கென்று 1987-இலேயே தனி விதிகள் கொண்டுவந்தார்கள். அங்கே பிள்ளைகள் 11 வயதை எட்டும்வரை புள்ளிப்பட்டியல், தரவரிசை எதுவும் போடுவதில்லை. உலகப் புகழ்பெற்ற கால்பந்து ஆட்டக்காரர்களான ஒடேகார்டும் ஹாலாண்டும் வளர்ந்தது அந்த நாட்டில்தான். பட்டியல் இல்லாததால் அங்கே ஆட்டக்காரர்கள் உருவாகாமல் போய்விடவில்லை.

கோச் என் பிள்ளையைப் பின்னாலேயே நிறுத்துகிறார். பேசலாமா?

பேசலாம், மேட்ச் நடக்கும்போதும் முடிந்த உடனேயும் வேண்டாம். ஒரு நாள் ஆறப்போட்டுவிட்டு, பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது, கேள்வியாகக் கேளுங்கள்: "எல்லா இடத்திலும் மாத்தி மாத்தி ஆட வாய்ப்பு வருமா சார்?" இந்த வயதில் எல்லாரும் எல்லா இடத்திலும் ஆடிப் பார்க்க வேண்டும், கோல்கீப்பராகவும் ஒரு பாதியாவது நிற்க வேண்டும். ஒரே பிள்ளையை வாராவாரம் கோலில் நிறுத்துவதோ, உயரமாக இருக்கிறான் என்று நிரந்தரமாகப் பின்னால் வைப்பதோ சரியான முறை இல்லை. மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு மட்டும் பேசிவிடாதீர்கள், அந்தப் பேச்சு உருப்படாது.

பந்தைத் தலையால் முட்டுவது ஆபத்தா?

சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பதுதான் இப்போது பல நாடுகளின் நிலை. அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015-இல் 10 வயது வரை உள்ளவர்களுக்கு ஹெட்டிங்கையே (தலையால் முட்டுவதையே) தடை செய்தது, 11 முதல் 13 வரை பயிற்சியில் அளவு வைத்தது. இங்கிலாந்தில் 2020-இல் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து ஹெட்டிங் நீக்கப்பட்டது. உங்கள் கிளப்பின் விதி என்ன என்று கேளுங்கள். வீட்டிலும் "தலையில வாங்கு" என்று பந்தை உயரத் தூக்கிப் போடாதீர்கள்.

சிறுவர் ஆட்டத்தில் தலையில் அடிபடுவது பெரும்பாலும் தலையோடு தலை, முழங்கை, தரை, கம்பம் இவற்றில் இடிப்பதால்தான். அடிபட்ட பிள்ளை தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்றாலோ, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, வெளிச்சம் கூசுகிறது என்றாலோ, நடை தள்ளாடினாலோ, முகமே ஒருமாதிரி இருந்தாலோ உடனே களத்தை விட்டு வெளியே கூட்டி வாருங்கள். மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்று நினைக்காதீர்கள், மயக்கம் இல்லாமலும் வரும். அன்றைக்குத் திரும்ப ஆடக் கூடாது, "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று பிள்ளை கெஞ்சினாலும் கூடாது. மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்ப வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, அதிகரித்துக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம் என்றால் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

வேறு என்ன காயங்களுக்குத் தயாராக இருக்க வேண்டும்?

பெரும்பாலும் சிராய்ப்பு, கன்றிப்போதல், கணுக்கால் சுளுக்கு. 8 முதல் 14 வயதுக்குள் ஓடிய பிறகு குதிகால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் சாக்கு என்று ஒதுக்காதீர்கள். குதிகால் எலும்பின் வளரும் பகுதியைத் தசைநார் இழுப்பதால் வரும் வலி அது, வளரும் வயதில் மிகச் சாதாரணம். ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும், வலியோடு ஓட வைத்தால் இழுத்துக்கொண்டே போகும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே முண்டு போல வீங்கி வலிப்பதும் இதே இனம்தான். இரண்டையும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

காயத்தைக் குறைக்க நன்றாகச் சோதித்துப் பார்த்த வழி ஒன்று இருக்கிறது. 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கென்று வடிவமைத்த ‘ஃபிஃபா 11+ கிட்ஸ்’ என்ற வார்ம்-அப்: ஒற்றைக்கால் சமநிலை, குதித்து இறங்குவது, சரியாக விழப் பழகுவது என்று 7 பயிற்சிகள், 15 முதல் 20 நிமிடம். ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் சோதித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. உங்கள் கோச்சுக்குத் தெரியாவிட்டால் சொல்லுங்கள்.

மைதானத்தில் எல்லாப் பெற்றோரும் கண் வைக்க வேண்டியது கோல் கம்பங்கள். நகர்த்தக்கூடிய கம்பங்களைத் தரையோடு பிணைத்திருக்க வேண்டும். கட்டாத கம்பத்தில் தொங்கி விளையாடி, அது சாய்ந்து விழுந்து உயிரிழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கம்பத்தை ஒரு கை வைத்து ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் அதைச் சரிசெய்யும்வரை ஆட்டம் தொடங்க விடாதீர்கள்.

இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் அல்லது காருக்குள் போக வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வேண்டும். வெயில் நாளில் பிள்ளை கேட்கும்வரை காத்திராமல் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் கொடுங்கள்.

அணியில் என் மகள் ஒருத்திதான் பெண். சரிவருமா?

சரிவரும். பூப்படையும் வயது வரை ஆண் பெண் பிள்ளைகளுக்கு இடையே வலிமையிலோ வேகத்திலோ பெரிய வித்தியாசம் இல்லை, அதனால்தான் சிறுவர் பிரிவுகள் பலவும் கலந்தே நடக்கின்றன. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பையன்கள் அவளுக்குப் பந்தைத் தருகிறார்களா, தராவிட்டால் கோச் கவனிக்கிறாரா? முடிந்தால் அவள் தோழி ஒருத்தியையும் கூடச் சேர்த்துவிடுங்கள். பெரிய பெண்கள் ஆடும் மேட்ச் ஒன்றுக்குக் கூட்டிப் போங்கள்.

வீட்டில் எப்படிப் பழக்கலாம்?

ஒரு பந்து, ஒரு சுவர், பத்து நிமிடம். உள்ளங்காலால் பந்தை உருட்டுவது, இரு பாதத்துக்கும் நடுவே மாற்றி மாற்றித் தட்டுவது, சுவரில் அடித்துத் திரும்பி வருவதை ஒரே தொடுதலில் நிறுத்துவது. வலது காலால் பத்து என்றால் இடது காலால் பத்து. எல்லாவற்றையும்விட நல்லது நீங்களே இறங்கி ஆடுவது. உங்களிடமிருந்து பந்தைப் பிடுங்கப் பார்க்கட்டும். அதைக் கடமையாக்கி அட்டவணை போட்டீர்களானால் ஒரு மாதத்தில் பந்தைப் பார்த்தாலே ஓடிவிடும்.

நடுவில் "இனிமே போகமாட்டேன்" என்கிறாள். கட்டாயப்படுத்தலாமா?

முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள், நேராகக் கேட்டால் "பிடிக்கல" என்றுதான் வரும். படுக்கும் நேரத்தில் மெதுவாகப் பேச்சுக் கொடுங்கள். ஷூ கடிப்பதாக இருக்கலாம், ஒருவன் கேலி செய்வதாக இருக்கலாம், கோச்சின் உரத்த குரலாக இருக்கலாம், நம் குரலாகவும் இருக்கலாம். சரிசெய்யக்கூடியதென்றால் சரிசெய்துவிட்டு, "சேர்ந்த அணிக்காக இந்த சீசன் முடியட்டும், அப்புறம் நீயே முடிவு பண்ணு" என்று சொல்லலாம், சொன்னபடி முடிவை அவளிடமே விடவும் வேண்டும். பயமோ, அவமானப்படுத்தலோ, யாராவது தகாத விதத்தில் நடந்துகொள்வதோ காரணம் என்றால் அன்றைக்கே நிறுத்துங்கள், கிளப் பொறுப்பாளரிடமும் புகார் கொடுங்கள்.

நன்றாக ஆடுகிறான், பெரிய அணிக்கு மாற்றச் சொல்கிறார்கள்.

அவன் விருப்பத்தைக் கேளுங்கள், அவசரப்படாதீர்கள். ஒரே வயதுப் பிரிவில் ஆண்டுத் தொடக்கத்தில் பிறந்த பிள்ளை கடைசியில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருடம் மூத்தவன். ஏழு வயதில் அந்த வித்தியாசம் ரொம்பப் பெரிது. அதனால் தேர்வு வைக்கும் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அதிகமாக இருப்பதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். இப்போது முன்னால் தெரிபவன் கடைசிவரை முன்னால் இருப்பான் என்றோ, தேர்வாகாதவனுக்குத் திறமை இல்லை என்றோ ஏழெட்டு வயதில் சொல்லவே முடியாது.

ஒரே விளையாட்டில் முழுமூச்சாக இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும் என்றும் சொல்கிறது. நீச்சல், ஓட்டம், மரம் ஏறுவது எல்லாம் கால்பந்துக்கும் உதவும்.

கோச் கிடைக்கவில்லை, நீங்களே எடுங்கள் என்கிறார்கள். நான் ஆடியதே இல்லையே?

எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தேவை பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சிரித்த முகத்தோடு, நேரத்துக்கு வந்து நிற்கும் ஒரு பெரியவர். மற்றதைக் கிளப் நடத்தும் தொடக்கப் பயிற்சியில் பழகிக்கொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு பந்து இருக்கட்டும். வரிசையில் நிறுத்தி ஒருவர் பின் ஒருவராக உதைக்கச் சொன்னால் எட்டுப் பேரில் ஏழு பேர் சும்மா நிற்பார்கள், சண்டையும் அங்கேதான் தொடங்கும். விளக்கம் அரை நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். கடைசிக் கால் மணி நேரம் கட்டாயம் மேட்ச் ஆட விடுங்கள், அதற்காகத்தான் வந்திருக்கிறார்கள்.

உங்கள் பிள்ளையும் அதே அணியில் இருப்பதால் ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களைவிட அதிகம் திட்டுவதும் வேண்டாம், அதிகம் ஆட விடுவதும் வேண்டாம். கோன்களையும் பந்துகளையும் பையில் போட்டு மூடியதும் கோச் வேலை முடிந்தது. அதன்பிறகு பயிற்சியைப் பற்றிய பேச்சை உங்கள் பிள்ளை எடுத்தால் மட்டும் பேசுங்கள்.